கூடை இல்லாத ஊரில் ஒரு கூடைப் படம்: ஒரு படக்கட்டுரை சிதறிய கதை

இதில் யாருடைய பெயரும் வராது. தோட்டத்தின் பெயரும் படத்தை வெளியிட்ட இணைய இதழின் பெயரும்கூட வராது. கோத்தகிரிப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும். தப்பு செய்தவர்களின் வரிசையில் முதல் ஆள் நான்தான், அதனால் யாரையும் காட்டிக்கொடுக்க எழுதுவதாக நினைக்க வேண்டாம். படங்களை வரிசையாக வைத்துக் கதை சொல்லும் படக்கட்டுரை ஒன்றை வெளியிட்டோம், அதில் ஒரே ஒரு படம் மட்டும் பிய்ந்து பொய்க் கதையோடு வாட்ஸப்பில் சுற்றியது. படக்கட்டுரை செய்யும் இளையவர்கள் சிலர் "என்னதான் சார் நடந்தது" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் முக்கால் மணி நேரம் சொல்லி முடியவில்லை.

பின்னணி

நான் சென்னையில் ஒரு வார இதழின் படப்பிரிவில் இருந்தவன். தொழில் கற்றது ஃபிலிமில். அதுவும் பெரும்பாலும் 'இந்து' ஃபிலிம்; ஊட்டி இந்து நகரில், 1960ல் தொடங்கப்பட்டு 1967ல் உற்பத்திக்கு வந்த ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையில் செய்தது. நாடு முழுக்கப் போன கறுப்பு வெள்ளை ஃபிலிம் எங்கள் மலையில் தயாரானது என்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு அற்பப் பெருமை உண்டு. வேலையை விட்டுக் குன்னூருக்கே திரும்பி வந்தபின், ஒரு சிறிய தமிழ் இணைய இதழுக்குப் படத் தொகுப்பு பார்த்துக்கொடுத்தேன். சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

2023ல் ஒரு இளம் போட்டோகிராபர் என்னிடம் ஒரு யோசனையோடு வந்தார். தாயகம் திரும்பியோர் குடும்பத்துப் பெண், தோட்ட லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், இலங்கை மலையகத்துத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. அவர்களை யாரும் கேட்டு முடிவு செய்யவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களில் ஒரு பகுதி நீலகிரிக்கு வந்து மறுபடியும் தேயிலையிலேயே நின்றது. அப்படி வந்தவர்களில் ஒருவரைப் பற்றித்தான் கட்டுரை. எழுபது வயதை ஒட்டியவர், போட்டோகிராபரின் சொந்தப் பாட்டி இல்லை, ஆனால் அதே லயம் என்பதால் இவர் "அப்பாயி" என்றுதான் கூப்பிடுவார். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

அப்பாயி தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பக்கத்தில் ஒரு சிறு விவசாயியின் தோட்டத்துக்கு வாரத்தில் மூன்று நாலு நாள் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. இரண்டு பேர் காசையும் சேர்த்து, லயத்தை விட்டு வெளியே இரண்டரை சென்டில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஐம்பது வருடம் அடுத்தவர் கூரைக்குக் கீழே இருந்த ஒருத்தி சொந்த வாசல் வைக்கிறாள், அதுதான் கட்டுரை. யோசனை கேட்டதுமே எனக்குப் பிடித்துவிட்டது.

படம் எடுத்த நாட்கள்

புரட்டாசியில் ஆரம்பித்து, ஐப்பசி மழையில் நடுவே நிறுத்தி, கார்த்திகையில் முடித்தார். மொத்தம் பதினோரு நாள் போயிருப்பார். மழையில் லென்ஸுக்குள் ஆவி கட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க வீணானது. மலையில் கேமரா வைத்திருப்பவர்களுக்கு இது புதிதில்லை, அரிசிப் பானையில் சிலிக்கா ஜெல் போட்டு லென்ஸை வைத்த தலைமுறை நாங்கள்.

படங்கள் நன்றாக இருந்தன. லயத்தின் நீள வாசல், அடுப்படி, ரேஷன் கடை வரிசை, ஹாலோ பிளாக் கல்லை மகன் இறக்குவது. கடைசியாக, நிலை வைத்த அன்று எடுத்த படம்: சுவர் இன்னும் எழும்பவில்லை, மஞ்சள் குங்குமம் பூசிய மரநிலை மட்டும் வெட்ட வெளியில் நிற்கிறது, அதற்குக் கீழே அப்பாயி. பின்னால் வெறும் வானமும் சில்வர் ஓக் மரங்களும்.

நான் போனில் கேட்ட கேள்விதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

"கொழுந்து எடுக்கறப்போ கூடையோட ஒண்ணும் இல்லையாம்மா?"

"இங்க யாரும் கூடை தூக்கறதில்ல சார். கத்தரியும் சாக்கும்தான்."

உண்மை. நீலகிரியில் பல இடங்களில் கையால் கிள்ளுவது குறைந்து பல காலம் ஆகிறது. பெரிய கத்தரியால் வெட்டி, அதோடு சேர்ந்த பையில் விழுவதைச் சாக்கில் கொட்டி, சாக்கைத் தலையில் வைத்து எடை போடும் இடத்துக்குக் கொண்டுபோவார்கள். அப்பாயி அந்த இடத்தை இன்னும் "மடுவம்" என்றுதான் சொல்வார், இலங்கைச் சொல். இதெல்லாம் எனக்கும் தெரியும், தினமும் பஸ்ஸில் பார்க்கிறேன். ஆனாலும் தேயிலை என்றால் கூடை என்று மண்டைக்குள் ஒரு அச்சு இருக்கிறதே.

"பரண்ல பழசு ஒண்ணு இருக்குன்னு அப்பாயி சொன்னாங்க."

"அப்போ அதை மாட்டி ஒரே ஒரு ஃப்ரேம் எடுத்துடு. உபயோகிக்காட்டியும் பரவால்ல, கையில இருக்கட்டும்."

அந்தப் பெண் தயங்கியது போனிலேயே தெரிந்தது. ஆனால் நான் வயதில் மூத்தவன், சென்னையில் பெரிய பத்திரிகையில் இருந்தவன். எடுத்துவிட்டார்.

அப்பாயி சிரித்துக்கொண்டே கூடையைத் துடைத்து மாட்டினாராம். ஆனால் கூடைக் கயிறு நெற்றியில் இறுக்கிப் பிடிக்க, முகம் சுருங்கிவிட்டது. அந்தச் சுருங்கிய நொடிதான் படம். பின்னால் மூடுபனி, முன்னால் வலியில் இருப்பது போன்ற ஒரு கிழவி முகம். நல்ல வெளிச்சம், நல்ல சட்டகம். நான் பார்த்தவுடன் "இதுதான் முதல் படம்" என்று சொல்லிவிட்டேன்.

தொகுப்பு மேசையில்

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் ஏதோ கிழவன் புத்தி என்று போய்விடும்.

எங்கள் தலைமுறைக்குப் படக்கட்டுரை என்றால் அமெரிக்காவின் 'லைஃப்' இதழ் வகுத்த பாதை. 1936ல் வார இதழாக வந்து 1972 வரை ஓடியது. அங்கே ஒரு சூத்திரம் வைத்திருந்தார்கள்: ஊரைக் காட்டும் அகலப் படம், நடுத்தூரப் படம், நுணுக்கப் படம், முகம், இரண்டு பேர் பேசிக்கொள்வது, ஒரு செயலின் வரிசை, முடித்துவைக்கும் படம். இவற்றோடு, மொத்தக் கதையையும் ஒரே சட்டத்தில் அடக்கும் முத்திரைப் படம் என்று ஒன்று. 1948 செப்டம்பரில் அமெரிக்கப் போட்டோகிராபர் யூஜின் ஸ்மித் செய்த நாட்டுப்புற மருத்துவர் கட்டுரையைத்தான் எல்லோருக்கும் பாடமாகக் காட்டுவார்கள். கொலராடோ மலைக் கிராமத்து டாக்டர் ஒருவரோடு 23 நாள் சுற்றி எடுத்தது. கனத்த வானத்துக்குக் கீழே பையோடு டாக்டர் நடந்து வருவது முதல் படம். நள்ளிரவு தாண்டி அறுவை முடித்து, கையில் காபிக் கோப்பையோடு ஓய்ந்துபோய்ச் சாய்ந்து நிற்பது கடைசிப் படம். நடுவே அவர் பார்த்த நோயாளிகள். பக்கத்தைத் திருப்பித் திருப்பித்தான் அந்தக் கடைசிப் படத்துக்கு வர முடியும். ஸ்டேப்ளர் பின் அடித்த தாள் என்பதால் முதல் படமும் கடைசிப் படமும் ஒன்றையொன்று விட்டு எங்கேயும் போக முடியாது.

எனக்கு ஓடிய கணக்கும் அதேதான். கூடைப் படம் முதலில் வந்து வாசகரை இழுக்கும், 'ஐயோ பாவம்' என்று உள்ளே வருகிறவரை அடுத்த பதின்மூன்று படங்கள் திருத்தும், கடைசியில் நிலைப்படம் வந்து நிற்கும்போது அவர் முதலில் நினைத்தது தப்பு என்று அவருக்கே தெரியும். தாளில் இருந்திருந்தால் ஒருவேளை வேலை செய்திருக்கும். இது இப்போது சமாதானமாகத்தான் கேட்கிறது, தெரிகிறது.

ஸ்மித்தே படத்தை 'அமைத்தவர்'தான், ஆப்பிரிக்காவில் மருத்துவமனை நடத்திய ஆல்பர்ட் ஷ்வைட்சரை எடுத்த 1954 கட்டுரையின் புகழ்பெற்ற படத்தில் வேறொரு நெகட்டிவிலிருந்து கையையும் ரம்பத்தையும் சேர்த்து அச்சிட்டார் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. பெரியவர்களே செய்திருக்கிறார்கள் என்ற தைரியம், வெளியே சொல்லாவிட்டாலும், உள்ளே எங்கேயோ இருந்திருக்க வேண்டும்.

மொத்தம் பதினான்கு படம். கூடைப் படத்துக்குக் கீழே, அது படத்துக்காக மாட்டிய பழைய கூடை என்று ஒரு வரி போட்டிருக்கலாம். போடவில்லை. "கொழுந்து பறிக்கும் கையில் சொந்தச் சாவி" என்று அழகாக ஒரு வரி எழுதினேன். அதில் 'பறிக்கும்' என்பதே பொய்.

இன்னொரு தப்பும் இதே மேசையில் நடந்தது, அது அப்போது தப்பாகவே தெரியவில்லை. அப்பாயியின் டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய படம் இருந்தது. இலங்கையை விட்டுக் கிளம்பும் முன் ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் குடும்பமாக நின்று எடுத்தது. போட்டோகிராபர் அதையும் பிரதி எடுத்து அனுப்பியிருந்தார். "அடுத்தவங்க எடுத்த படம், உன் கட்டுரையில் எதுக்கு" என்று தூக்கிப் போட்டுவிட்டேன்.

வெளியான பிறகு

இணையதளத்தில் பதினான்கு படமும் வந்தன. பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். அன்றைக்கே இதழின் சமூக ஊடகப் பக்கங்களைப் பார்க்கும் தம்பி இன்ஸ்டாகிராமில் போட்டார். அங்கே ஒரு பதிவில் அப்போது பத்துப் படம்தான் போட முடியும் (2017ல் வைத்த வரம்பு, 2024ல்தான் இருபதாக்கினார்கள்). எந்தப் பத்து என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. முதல் பத்தை எடுத்து அப்படியே போட்டுவிட்டார். விடுபட்ட நாலு படம் என்னென்ன தெரியுமா? கத்தரியால் வெட்டுவது, மகனோடு வீடியோ காலில் பேசுவது, ஹாலோ பிளாக், நிலை. அதாவது வீடு இல்லை, மகன் இல்லை, இன்றைய வேலை இல்லை. மீதி இருந்தது கூடை, லயம், ஒழுகும் கூரை, அடுப்படி.

பதினேழாம் நாளோ பதினெட்டாம் நாளோ போட்டோகிராபருக்கு வாட்ஸப்பில் அவருடைய படமே ஃபார்வேர்டாக வந்தது. முதல் படம் மட்டும். ஓரத்தில் இருந்த பெயர் வெட்டப்பட்டிருந்தது. கோப்புக்குள் படக்குறிப்பும் இடமும் எழுதி வைத்திருந்தோம், வாட்ஸப் வழியாகப் போகும்போது அந்தத் தகவல் எல்லாம் உதிர்ந்துவிடும். படத்துக்குக் கீழே வேறு கதை: பிள்ளைகள் கைவிட்ட மூதாட்டி, இந்த வயதிலும் கூடை சுமக்கிறார், முடிந்ததை அனுப்புங்கள், ஒரு ஜிபே எண். எண் யாருடையது என்று அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த நாள் காலையில் திருப்பூரிலிருந்து மகன் கூப்பிட்டார். போட்டோகிராபர் போனை ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன்.

"கம்பெனியில எல்லாரும் காட்டறாங்க. எங்கம்மாவ நான் கைவிட்டேனா? கல்லு சுமந்தத நீங்கதான படம் எடுத்தீங்க? அது எங்க போச்சு?"

பதில் சொல்ல வாயில் ஒன்றும் வரவில்லை. ஹட்டனில் இருக்கும் சொந்தக்காரர்கள் வரை அது போய், அங்கிருந்து ஒருவர் அழுதுகொண்டே பேசினார் என்று பிறகு தெரிந்தது. அப்பாயிக்கு ஸ்மார்ட்போன் இல்லை. அவருக்கு விஷயம் தெரிந்ததே ரேஷன் கடையில் ஒரு பெண் "உனக்கு நிறைய காசு வந்துச்சாமே" என்று கேட்டபோதுதான். நான்கு நாள் அவர் வேலைக்குப் போகவில்லை.

என்ன முடிவெடுத்தோம், ஏன்

முதல் வேலை பணம். 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணைக் கூப்பிட்டுப் புகார் பதிந்தோம், தேசியப் புகார்த் தளத்திலும் ஸ்கிரீன்ஷாட்களோடு போட்டோம். ஒரு வாரத்துக்குள் அந்த எண்ணுக்குப் பணம் போவது நின்றுவிட்டது. படத்துக்கு யாரும் காவல் நிற்க முடியாது, பணத்துக்காவது ஒரு வழி இருக்கிறது.

இரண்டாவது, கட்டுரையையே எடுத்துவிடுவதா என்ற கேள்வி. ஆசிரியர் எடுத்துவிடலாம் என்றார். ஜப்பானின் மினமாட்டாவில் பாதரச நஞ்சால் பாதிக்கப்பட்ட டொமோகோவைத் தாய் குளிப்பாட்டும் படம் என் நினைவுக்கு வந்தது. ஸ்மித் 1971ல் எடுத்தது, உலகமே அறிந்த படம். ஆனால் மகள் இறந்து பல வருடம் கழித்தும் அந்தப் படம் சுற்றிக்கொண்டே இருப்பது பெற்றோருக்குத் தாங்கவில்லை என்பதால், ஸ்மித்தோடு சேர்ந்து அந்த வேலையைச் செய்த அய்லீன் ஸ்மித் 1990களின் கடைசியில் அதை மேற்கொண்டு வெளியிடக் கொடுப்பதை நிறுத்தினார். எவ்வளவு பெரிய படமாக இருந்தாலும், அதில் இருப்பவர் வீட்டார் போதும் என்றால் போதும், இதுதான் அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது. அதனால் முடிவை ஆசிரியரோ நானோ எடுக்க வேண்டாம் என்று அப்பாயியிடமும் மகனிடமும் கேட்டோம். மகன் எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னார். அப்பாயி, "வீட்டுப் படத்த எதுக்குடா எடுக்கச் சொல்ற? அத இன்னும் நாலு பேரு பாக்கட்டும்" என்றார். கூடைப் படம் மட்டும் போனது.

எடுத்த இடத்தில் என்ன எழுதுவது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை. "தவிர்க்க முடியாத காரணங்களால் நீக்கப்பட்டது" என்று ஆசிரியர் எழுதிக்கொடுத்தார். 2015ல் உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில், பெல்ஜியத்துச் சார்லெருவா நகரைப் பற்றிய தொடர் ஒன்றுக்குக் கொடுத்த பரிசைத் திருப்பி வாங்கினார்கள். அதில் ஒரு படம் அந்த ஊரிலேயே எடுத்ததில்லை, பிரசல்ஸ் பகுதியில் எடுத்தது, படக்குறிப்பு மட்டும் சார்லெருவா என்றது. ஒரு வரிக்காக மொத்தத் தொடரும் போனது. நாங்கள் எழுதியதும் அதே மாதிரி ஒரு வரிதான். கடைசியில் இருந்ததை இருந்தபடி எழுதினோம்: இந்தப் படம் எங்கள் கோரிக்கையின் பேரில் பழைய கூடையை மாட்டி எடுத்தது, இவர் இப்போது கூடையில் கொழுந்து எடுப்பதில்லை, இவரை யாரும் கைவிடவில்லை, இவர் பெயரில் நிதி கேட்பவர்களுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை.

எழுத்தில் போட்டால் அது படம் போகிற இடத்துக்குப் போகாது என்பது அன்று சாயந்திரமே புரிந்துவிட்டது. படத்தைத் துரத்த இன்னொரு படம்தான் வேண்டும். அதே கூடைப் படத்தின் மேல் சிவப்பில் 'பொய்' என்று அடித்து அனுப்பலாம் என்று சமூக ஊடகத் தம்பி செய்தும் கொண்டுவந்தார். போட்டோகிராபர் அதைப் பார்த்தவுடன், "சார், அப்பாயி மூஞ்சி மேல பொய்னு எழுதறோம்" என்றார். நான் அதைக் கவனிக்கவே இல்லை. அப்புறம் நிலைப்படத்தை எடுத்து, படத்துக்குள்ளேயே கீழே ஒரு பட்டை விட்டு, இரண்டு வரியில் விஷயத்தை எழுதி அனுப்பினோம். பட்டையை வெட்டினால் அப்பாயியின் கால் வெட்டுப்படுகிற மாதிரி அமைத்தோம். சின்னத் தந்திரம்தான். ஃபார்வேர்டு அளவுக்கு அது ஓடவில்லை, ஆனால் திருப்பூர் கம்பெனிக் குழுவிலும் ஹட்டன் சொந்தக்காரர்களிடமும் போய்ச் சேர்ந்தது. மகனுக்கு அது போதுமாக இருந்தது.

கோயில் மண்டபத்தில்

மகன் கேட்ட கேள்வி என்னை விட்டுப் போகவே இல்லை. அது எங்க போச்சு? படங்களின் வரிசையை நான் வைத்தேன், இன்ஸ்டாகிராமின் வரம்பு அதை வெட்டியது, யாரோ ஒருவர் ஒன்றை மட்டும் பிய்த்துக்கொண்டு போனார். இதில் எந்த இடத்திலும் படத்தில் இருப்பவர்கள் வரிசையைத் தொடவில்லை. இந்த மலையில் இது புதிதும் இல்லை. நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்த பிரீக்ஸின் புத்தகம் 1873ல் வந்தது, தொதவர், கோத்தர், குறும்பர், இருளர் என்று படங்களோடு. நூற்றைம்பது வருடமாக இங்கே மலைக்காரர்களை நிற்கவைத்து எடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம், எந்தப் படம் எதற்கு அடுத்து என்று அவர்களை யாரும் கேட்டதில்லை.

போட்டோகிராபர்தான் யோசனை சொன்னார். தை பிறந்ததும், கூடைப் படம் தவிர மற்றவற்றையும் எடுத்து உபயோகிக்காத சிலவற்றையும் சேர்த்து முப்பது படம் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, லயத்துக்குப் பக்கத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில் பாய் விரித்து அடுக்கினோம். ஞாயிற்றுக்கிழமை. வந்தவர்கள் நாற்பது பேருக்குக் குறையாது, பிள்ளைகள் தனி.

எது முதலில் என்று கேட்டோம். ஒருவரும் அதிகம் யோசிக்கவில்லை. ஹட்டன் ஸ்டூடியோ படத்தைத் தூக்கி முதலில் வைத்தார்கள். நான் 'அடுத்தவர் எடுத்தது' என்று ஒதுக்கிய அதே படம். "இதுல இருந்துதான கத ஆரம்பிக்குது" என்றார் ஒரு பெரியவர். அடுத்து என் கண்ணுக்கு மிக நன்றாக இருந்த அடுப்படிப் படம், ஜன்னல் வெளிச்சம் புகையில் பட்டுத் தெறிக்கும் படம். பக்கத்து வீட்டு அக்கா அதைத் திருப்பிப் போட்டுவிட்டார்.

"பாத்திரம் கழுவாம கெடக்கு. இத எடுத்துடுங்க."

"வெளிச்சம் நல்லா இருக்கேக்கா" என்றேன்.

"வெளிச்சம் நல்லா இருந்தா உங்க வீட்டு அடுப்படிய எடுங்க தம்பி."

மண்டபமே சிரித்தது. அந்தப் படம் வெளியே போனது. எனக்கு இன்றும் மனக்குறை உண்டு, அது நல்ல படம்.

எல்லாம் இப்படி இனிமையாகப் போகவில்லை. கோயில் திருவிழாவில் தோட்டத்து அதிகாரிகளுக்கு மாலை போடும் படம் ஒன்றை நடுவில் வைக்க வேண்டும் என்று இரண்டு பேர் பிடிவாதம் பிடித்தார்கள். கதைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அரைமணி நேரம் பேசி, அப்பாயி "என் வீட்டுக் கதையில அவுக எதுக்கு" என்று சொன்ன பிறகுதான் எடுத்தார்கள். கூலித் தகராறு பற்றிய கட்டுரையாக இருந்திருந்தால் ஊரில் யார் குரல் பெரிதோ அவர்தான் வரிசையை வைத்திருப்பார். எனவே 'வரிசையை மக்களிடம் கொடுத்துவிடுங்கள்' என்று எல்லாக் கட்டுரைக்கும் நான் சொல்ல மாட்டேன். இது ஒரு வீட்டின் கதை, அந்த வீட்டுக்காரர் கூடவே இருந்தார், அதனால் முடிந்தது.

கடைசியில் நின்றது பதினோரு படம். ஸ்டூடியோ படத்தில் தொடங்கி, கத்தரி, சாக்கு, மகன், கல் என்று போய் நிலையில் முடிந்தது. என் வரிசையை விடச் சுமாரானது என்றுதான் முதலில் பட்டது. இரண்டு மூன்று முறை பார்த்தபின், அதில் எந்தப் படத்தைத் தனியாகப் பிய்த்தாலும் யாரும் 'ஐயோ பாவம்' என்று எழுத முடியாது என்பது தெரிந்தது. அவர்கள் அதை நினைத்தே செய்தார்களா என்று நான் கேட்கவில்லை. அதையே மாசியில் இணையத்தில் மறுபடியும் வெளியிட்டோம், முதல் பதிப்பில் என்ன தப்பு என்ற குறிப்போடு.

அடுத்த முறை எதை மாற்றுவேன்

படத்துக்காக எதையும் மாட்டச் சொல்ல மாட்டேன். இது எல்லாரும் சொல்வது, நானும் இருபது வருடமாக மற்றவர்களுக்குச் சொன்னதுதான், அதனால் இதில் நிற்கவில்லை.

முத்திரைப் படம் பற்றிய என் கணக்கு முழுக்க மாறிவிட்டது. தாளில் அது வாசகரை உள்ளே இழுக்கும் கொக்கி. இன்று வீட்டை விட்டு ஓடிப்போகும் படம் அதுதான், ஓடும்போது தனியாகத்தான் ஓடும். அதனால் இப்போது ஒவ்வொரு படத்தையும், முக்கியமாக முதல் படத்தை, படக்குறிப்பு இல்லாமல் தெரியாத ஒருவர் போனுக்கு அனுப்பி "இது என்னன்னு தோணுது?" என்று கேட்கிறேன். கதைக்கு நேர் எதிராக வந்தால் அது முதலில் வராது. கூடைப் படத்தை அப்படி அனுப்பியிருந்தால் முதல் ஆளே "பாவம்" என்றிருப்பார்.

இன்ஸ்டாகிராம் பதிவுக்குத் தனியாக ஒரு தொகுப்பு வேண்டும், பதினான்கில் முதல் பத்து அல்ல. தாளில் ஒரு கட்டுரைக்கு ஒரு வரிசை போதும், இப்போது ஒரே கட்டுரைக்கு மூன்று வரிசை வைக்க வேண்டியிருக்கிறது. மூன்றையும் ஒரே ஆள் பார்க்க வேண்டும், அந்த ஆள் படம் எடுத்தவரோடு பேசியிருக்க வேண்டும். சமூக ஊடகத் தம்பியின் மேல் தப்பே இல்லை, அவரிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒப்புதல் தாளும் மாறியிருக்கிறது. முன்பு 'வெளியிடச் சம்மதம்' என்று ஒரு வரி. இப்போது போட்டோகிராபர் படங்களைப் போனில் காட்டி, இது உங்கள் பெயர் இல்லாமல் தனியாக ஊரைச் சுற்றலாம், யார் கையிலும் கிடைக்கலாம், அப்படிப் போனாலும் பரவாயில்லையா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். நிறையப் படம் அங்கேயே விழுந்துவிடுகிறது. வேலை இரண்டு மடங்கு.

வீடு வைகாசியில் கிரகப்பிரவேசம் ஆனது. ஃபார்வேர்டு அப்புறமும் இரண்டு முறை வந்தது, ஒரு முறை மலையாளத்தில். போட்டோகிராபருக்குக் கோவையில் ஒரு கண்காட்சியில் இடம் கிடைத்திருக்கிறது, அதில் கூடைப் படத்தையும் அதற்கு நடந்ததையும் சேர்த்து வைக்க வேண்டும் என்கிறார். நான் வேண்டாம் என்றேன், இன்னொரு முறை அந்த முகத்தைச் சுவரில் மாட்டுவானேன் என்று. இருவரும் பேசி முடிவுக்கு வராமல் அப்பாயியிடமே போனோம். அவர் புது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வைக்கட்டும். ஆனா அது எங்க மாமியா கூடைன்னு எழுதச் சொல்லு. நான் தூக்குனதில்ல."